‘ஸ்பெக்’ என்ற ஒரு வேர்: ஆங்கிலச் சொற்குடும்பத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

ஆங்கில வேர்ச்சொற்களை நூறு, இருநூறு என்று பட்டியல் போட்டுத் தருபவர்கள் நிறைய. ‘போர்ட் என்றால் சுமத்தல், டக்ட் என்றால் நடத்திச் செல்லுதல்’ என்று அவற்றை ஒப்பிப்பவர்களும் நிறைய. அப்புறம் அறிமுகமில்லாத சொல் ஒன்று எதிரே வந்தால் விழிப்பதும் அவர்களேதான். பட்டியலில் இருப்பது வேரின் ஒரே ஒரு முகம். நிஜச் சொற்களில் அந்த வேர் ஐந்தாறு முகங்களோடு வருகிறது. அதனால் நான் சொல்வது இது: நூறு வேர்களை நுனிப்புல் மேய வேண்டாம். ஒரே ஒரு வேரை எடுத்து அடி வரை தோண்டிப் பாருங்கள். ஒரு முறை அப்படிச் செய்துவிட்டால் அடுத்த வேருக்கு யாருடைய பட்டியலும் தேவைப்படாது.

பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது ‘ஸ்பெக்ட்’. இன்ஸ்பெக்டர், ரெஸ்பெக்ட், சஸ்பெக்ட், ஸ்பெஷல் என்று இதன் பிள்ளைகளை ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களும் அறிவார்கள். வேர்களுக்கு நேரக்கூடிய மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேருக்கே நேர்ந்திருக்கின்றன என்பது இன்னொரு வசதி.

படி 1: வேரை ஒரு வினையாகப் பிடியுங்கள்

‘ஸ்பெக்ட் = பார்வை’ என்று எழுதி வைக்காதீர்கள். ‘பார்’ என்று எழுதுங்கள். வேர் வினையாக இருந்தால்தான் யார் பார்த்தார், எதை, எந்தப் பக்கம், எதற்காக என்று கேள்வி கேட்க முடியும். பொருள் கிளைப்பது அந்தக் கேள்விகளில்தான்.

லத்தீனில் ‘ஸ்பெகெரே’ என்றால் பார்த்தல். ‘பார்க்கப்பட்ட’ என்று சொல்ல ‘ஸ்பெக்டுஸ்’ என்ற வடிவம். அடிக்கடி பார்த்தல், கவனித்துப் பார்த்தல் என்பதற்கு ‘ஸ்பெக்டாரே’. ஆங்கிலத்தில் நாம் காணும் ‘ஸ்பெக்ட்’ இந்த இரண்டாவது, மூன்றாவது வடிவங்களிலிருந்து வந்தது. முதல் வடிவத்திலிருந்தும் சொற்கள் வந்திருக்கின்றன, ஆனால் அவற்றில் ‘ட்’ இருக்காது. இந்த மூன்றையும் குறிப்பேட்டின் மேல்பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் ஒப்பிப்பவர்கள் தவறவிடுவது முதல் வடிவத்தை. அதனால் குடும்பத்தில் பாதிப் பேர் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

படி 2: முன்னொட்டைக் கழற்றி, பார்வை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது மிக எளிது. நம் மொழியிலும் ‘பார்’ என்ற வினை இதே வேலையைச் செய்கிறது: எதிர்பார், மேற்பார்வை, முன்பார்வை, பார்வையாளர். லத்தீன்காரர்கள் ‘ஸ்பெகெரே’யின் முன்னால் திசை காட்டும் சிறு சொற்களை ஒட்டினார்கள்.

‘இன்’ என்றால் உள்ளே. உள்ளே பார்த்தால் ‘இன்ஸ்பெக்ட்’, அதாவது சோதித்தல். ‘ப்ரோ’ என்றால் முன்னால். முன்னே தெரிகிற காட்சி ‘ப்ராஸ்பெக்ட்’. அதிலிருந்து எதிர்கால வாய்ப்பு என்ற பொருளும், தங்கம் கிடைக்குமா என்று நிலத்தைத் தேடிப் பார்க்கிறவருக்கு ‘ப்ராஸ்பெக்டர்’ என்ற பெயரும் வந்தன. ‘ரெட்ரோ’ பின்னோக்கி, ‘இன்ட்ரோ’ தனக்குள், ‘சர்க்கம்’ சுற்றிலும். சுற்றும் முற்றும் பார்த்து நடப்பவர் ‘சர்க்கம்ஸ்பெக்ட்’, அதாவது எச்சரிக்கையானவர். ‘பெர்’ என்றால் ஊடாக. ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்பதன் மூலமான லத்தீன் சொல் இடைக்காலத்தில் ஒளியியலையே குறித்தது. தூரத்தில் இருப்பதைச் சிறிதாக வரையும் ஓவிய உத்திக்கும், ‘என் கோணத்தில்’ என்று பேசும் பேச்சுக்கும் அது பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

‘சஸ்பெக்ட்’ பக்கம் கொஞ்சம் நில்லுங்கள். ‘சுப்’ என்றால் கீழிருந்து. கீழிருந்து மேலே பார்ப்பதை லத்தீன் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டது. ஒன்று, அண்ணாந்து பார்த்து வியத்தல். இன்னொன்று, தலையைத் தாழ்த்தியபடி கள்ளத்தனமாக நோக்கி நம்பாமல் இருத்தல். ஒரே வினைக்கு இரண்டும் பொருள். ஆங்கிலத்தில் நிலைத்தது சந்தேகம் மட்டும். ‘டெஸ்பைஸ்’ இதற்கு நேர் எதிர்: ‘டெ’ என்றால் மேலிருந்து கீழே. கீழே பார்ப்பது இகழ்வது. இதில் குழப்பமே கிடையாது.

‘ரெஸ்பெக்ட்’ என்பதில் ‘ரெ’ என்றால் திரும்ப. கடந்து போகும்போது திரும்பிப் பார்க்கத் தகுந்த ஆள் என்றால் மதிப்புக்குரியவர். லத்தீனிலேயே அந்தப் பொருள் உண்டு.

பின்னொட்டுகளில் நேரம் செலவிட வேண்டாம். ‘ஆர்’ வந்தால் ஆள், ‘ஷன்’ வந்தால் செயல், ‘இவ்’ வந்தால் பண்பு. சில நாள் வாசித்தாலே தானாகப் பிடிபட்டுவிடும்.

படி 3: வேர் எங்கே வேடம் மாற்றுகிறது என்று கண்டுபிடியுங்கள்

இருப்பதிலேயே முக்கியமான படி இது. மூன்று இடங்களில் கவனம் வையுங்கள்.

முதலாவது, உயிரெழுத்து மாற்றம். ‘கான்ஸ்பிக்யூவஸ்’ என்றால் பளிச்சென்று கண்ணில் படுகிற. ‘டெஸ்பிகபிள்’ என்றால் இழிவான. ‘பெர்ஸ்பிகேஷியஸ்’ என்றால் கூர்ந்த அறிவுடைய. மூன்றிலும் ‘ஸ்பெக்’ இல்லை, ‘ஸ்பிக்’தான் இருக்கிறது. இதற்கு ஒரு விதி உண்டு. பழைய லத்தீனில் சொல்லின் நடுவே வரும் குறில் ‘எ’, ஒற்றை மெய்க்கு முன்னால் நின்றால் ‘இ’ என்று தேய்ந்துவிடும். இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்து அடைத்தால் ‘எ’ அப்படியே நிற்கும். அதனால்தான் ‘இன்ஸ்பிகெரே’ என்பது வினை, ‘இன்ஸ்பெக்டுஸ்’ என்பது அதன் எச்ச வடிவம். சொல்லின் முதல் அசையில் இந்தத் தேய்வு நடக்காது. ஆகவே முன்னொட்டு இல்லாத ஸ்பெஷல், ஸ்பெசிமன், ஸ்பெசிஃபிக் எல்லாம் ‘எ’யோடு இருக்கின்றன. இந்த விதி ‘ஸ்பெக்’குக்கு மட்டும் உரியதன்று. இதை ஒரு முறை புரிந்துகொண்டால் வேறு பல லத்தீன் வேர்கள் ஏன் இரண்டு முகத்தோடு வருகின்றன என்பதும் விளங்கிவிடும்.

இரண்டாவது, முன்னொட்டு ஒட்டுகிற இடத்தில் எழுத்துகள் காணாமல் போவது. ‘எக்ஸ்பெக்ட்’ பாருங்கள். ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘ஸ்பெக்டாரே’ என்றால் பார்த்துக்கொண்டிருத்தல். வாசலுக்கு வெளியே கண் வைத்துக் காத்திருப்பது. சேர்க்கும்போது இரண்டு ‘ஸ்’ ஒலிகள் மோதின, ஒன்று விழுந்தது. எழுத்தில் வேரின் தலையே வெட்டுப்பட்டு ‘பெக்ட்’ என்று மட்டும் மிஞ்சியதால் பலர் இதை இந்தக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ‘எக்ஸிஸ்ட்’ என்ற சொல்லிலும் ‘எக்ஸ்’ இதே வேலையைச் செய்திருக்கிறது. நம் ‘எதிர்பார்’ இதே எண்ணத்தை இதே போலக் கட்டியிருப்பதைக் கவனித்தீர்களா? ‘ஆஸ்பெக்ட்’ என்பதில் விழுந்தது முன்னொட்டின் எழுத்து: ‘அட்’ என்பது வெறும் ‘அ’ ஆகிவிட்டது.

மூன்றாவது, பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள். 1066இல் நார்மாண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, சில நூற்றாண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஆண்டது. பிரெஞ்சு நாக்குக்குச் சொல்லின் முதலில் ‘ஸ்ப்’, ‘ஸ்ட்’ என்று வந்தால் கஷ்டம். முன்னால் ஒரு ‘எ’ போட்டுக்கொள்ளும். ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்றும் ஸ்டேஷனை ‘இஸ்டேஷன்’ என்றும் சொல்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இப்படித்தான் ‘ஸ்பெஷல்’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘எஸ்பெஷலி’ என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே லத்தீன் சொல்தான், ஒன்று ‘எ’யைச் சுமந்துகொண்டது, இன்னொன்று உதறிவிட்டது. ஆகவே ‘எஸ்ப்’ என்று தொடங்கும் சொல்லைப் பார்த்தால் ‘எ’யை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்.

‘டெஸ்பைஸ்’, ‘டெஸ்பைட்’ இரண்டிலும் ‘க்’ போயே போய்விட்டது. அதுவும் பிரெஞ்சின் கைவரிசை. ‘டெஸ்பைட்’ என்பது முதலில் இகழ்ச்சியைக் குறித்த பெயர்ச்சொல். ‘அவன் இகழ்ந்தாலும்’ என்பதிலிருந்து ‘இருந்தபோதிலும்’ என்ற இடைச்சொல் ஆனது. அதன் தலையை வெட்டியதில் கிடைத்த குட்டிச்சொல் ‘ஸ்பைட்’, அதாவது வன்மம்.

படி 4: அகராதியின் சொற்பிறப்புக் குறிப்பைப் படிக்கப் பழகுங்கள்

ஊகம் செய்த பிறகு சரிபார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பவற்றில் ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி’ தொடக்கநிலையாளர்களுக்கு ஏற்றது, நடை எளிது. ‘விக்‌ஷனரி’யில் பிற மொழி உறவுகள் விரிவாக இருக்கும், ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இருக்கிறதே, அது வேறு தரம். முதல் பகுதி 1884இல் வந்து, முழு அகராதி முடிய 1928 ஆகிவிட்டது. ஒவ்வொரு பொருளும் எந்தக் காலத்து எழுத்தில் வந்திருக்கிறது என்று மேற்கோளோடு காட்டும். சந்தா கட்ட வேண்டும், ஆனால் பல நூலகங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு இணைய வழியில் திறந்துவிடுகின்றன.

குறிப்பைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள் புதியவர்களைக் குழப்பும். ஒன்று, சொல்லுக்கு முன்னால் வரும் நட்சத்திரக் குறி. அப்படியென்றால் அந்தச் சொல் எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைக்கவில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டுருவாக்கியது என்று பொருள். இன்னொன்று, ‘இதிலிருந்து வந்தது’ என்பதற்கும் ‘இதோடு ஒப்பிடுக’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. முதலாவது தாய், இரண்டாவது உடன்பிறப்பு. இதைக் கலந்துவிட்டால் வரைபடம் முழுக்கத் தவறாகிவிடும். ‘ஒருவேளை’, ‘உறுதியில்லை’ என்று அகராதி தயங்கினால் நீங்களும் பென்சிலால் எழுதுங்கள்.

படி 5: பொருள் நடந்து வந்த பாதையை வாக்கியமாக எழுதுங்கள்

வேரும் முன்னொட்டும் தெரிந்தால் பொருள் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்று. கிடைக்காது. நடுவில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓரிரு வரியில் கதை எழுதுங்கள். இந்த வேரில் கதைக்குப் பஞ்சமே இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது ‘ஸ்பைஸ்’, நறுமணப் பொருள். பார்ப்பதற்கும் மிளகுக்கும் என்ன தொடர்பு? லத்தீனில் ‘ஸ்பெகியேஸ்’ என்றால் பார்வைக்குத் தெரிகிற தோற்றம். தோற்றத்தை வைத்துத்தான் வகை பிரிக்கிறோம், ஆகவே அதற்கு ‘வகை’ என்ற பொருள் வந்தது. உயிரியலில் வரும் ‘ஸ்பீஷீஸ்’ அங்கேயே நின்றுவிட்டது. பிற்கால லத்தீனில் வணிகர்கள் வகை வகையாகப் பிரித்து விற்ற சரக்குகளுக்கு அந்தப் பெயர் போனது. சரக்குகளிலேயே விலை உயர்ந்தவை வாசனைப் பொருள்களும் மருந்துப் பொருள்களும். கடைசியில் பெயர் அவற்றோடு ஒட்டிக்கொண்டது. பழைய பிரெஞ்சில் ‘எஸ்பிஸ்’, ஆங்கிலத்தில் ‘எ’ உதிர்ந்து ‘ஸ்பைஸ்’. படி 3இல் சொன்ன விரல் வித்தை இங்கே தலைகீழாக உதவும்: இழந்த ‘எ’யை மனத்துக்குள் ஒட்டிப் பாருங்கள். இத்தாலியில் ‘ஸ்பெட்ஸியாலே’ என்றால் பழங்கால மருந்துக்கடைக்காரர். ‘ஸ்பெஷலிஸ்ட்’ மருத்துவருக்கு அவர் தூரத்து உறவு என்று சொன்னால் இரு தரப்பும் ஒத்துக்கொள்வார்களா தெரியாது, ஆனால் சொற்கள் ஒத்துக்கொள்கின்றன.

‘ஸ்பெக்ட்ரம்’ என்றால் லத்தீனில் தோற்றம், சில வேளை இல்லாத ஒன்றின் தோற்றம். அதாவது ஆவி. பிரெஞ்சு வழியாக வந்த ‘ஸ்பெக்டர்’ இன்னமும் ஆவிதான். 1672இல் வெளியான நியூட்டனின் கட்டுரையில், முப்பட்டகம் வழியாக வந்து சுவரில் நீளமாக விழுந்த வண்ணப் பட்டைக்கு ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல் வருகிறது. வானவில் நிறங்களிலிருந்து ஒளியின் மற்ற அலைகளுக்கும், அங்கிருந்து வானொலி அலைகளுக்கும் அது நீண்டது. இன்று செய்திகளில் அலைக்கற்றை ஏலம் என்று படிக்கிறோமே, அந்த அலைக்கற்றை இதுதான். ஆவியிலிருந்து ஏலம் வரை!

‘ஸ்பெகுலா’ என்றால் காவல் கோபுரம். அதன் மேல் ஏறி நின்று தொலைவை நோட்டமிடுவது ‘ஸ்பெகுலாரி’. ஆங்கிலத்தில் ‘ஸ்பெகுலேட்’ முதலில் ஆழ்ந்து சிந்திப்பதையும் ஊகிப்பதையும் குறித்தது. விலை ஏறும் என்ற ஊகத்தில் சரக்கை வாங்கிப் போடுவது என்ற வணிகப் பொருள் 18ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. கோபுரத்தில் நிற்பவன் கண்ணால் பார்த்ததைச் சொன்னான். பங்குச் சந்தையில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை.

‘ரெஸ்பெக்ட்’டுக்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு: ‘ரெஸ்பைட்’, அதாவது சிறு ஓய்வு, தவணை. இரண்டுக்கும் தாய் ‘ரெஸ்பெக்டுஸ்’ என்ற ஒரே லத்தீன் சொல். திரும்பிப் பார்த்து யோசிக்கக் கொடுத்த அவகாசம் தவணை ஆயிற்று. ஒன்று ஏட்டு லத்தீனிலிருந்து நேரே வந்ததால் முகம் மாறாமல் இருக்கிறது. மற்றது பிரெஞ்சுக்காரர் வாயில் பல தலைமுறை புழங்கித் தேய்ந்து வந்தது. இப்படி ஒரே மூலத்திலிருந்து இரண்டு வழியாக வந்த இணைகள் ஆங்கிலத்தில் ஏராளம். கிடைக்கும்போதெல்லாம் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், மறக்கவே மறக்காது.

‘ஆஸ்பிஷியஸ்’ என்றால் மங்களகரமான. இதில் பார்ப்பவர் ரோமாபுரிக் குறி சொல்பவர், பார்க்கப்படுவது பறவை. ‘அவிஸ்’ என்றால் பறவை, பறவை பார்ப்பவர் ‘அவுஸ்பெக்ஸ்’. போருக்குப் புறப்படும் முன்னும் பதவி ஏற்கும் முன்னும் பறவை பறக்கும் திசையையும் அதன் குரலையும் வைத்துச் சகுனம் பார்த்தார்கள். பலி கொடுத்த விலங்கின் குடலைப் பார்த்துச் சொல்பவருக்கு ‘ஹருஸ்பெக்ஸ்’ என்று தனிப் பெயர். அதிலிருந்து நல்லவேளையாக மங்களச் சொல் எதுவும் பிறக்கவில்லை.

‘ஸ்பீஷியஸ்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லத்தீனில் அழகிய தோற்றமுள்ள என்று பொருள். இப்போது வெளிப்பார்வைக்குச் சரியாகத் தெரிந்து உள்ளே பொய்யான வாதத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மூலப் பொருள்தான் உண்மைப் பொருள் என்று யாராவது உங்களோடு வாதிட்டால் இந்தச் சொல்லையே எடுத்து நீட்டலாம். மூலத்தில் அழகு என்பதற்காக ஒருவருடைய பேச்சை ‘ஸ்பீஷியஸ்’ என்று பாராட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 6: லத்தீனுக்கு வெளியே போய் ஒன்றுவிட்ட உறவுகளைத் தேடுங்கள்

1786 பிப்ரவரி 2 அன்று, கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தில் பேசிய வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அந்த மூலம் இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்றார். அந்த மூல மொழியைத்தான் இன்று முந்து இந்தோ-ஐரோப்பியம் என்கிறார்கள். அதில் பார்த்தலுக்கான வேராக மீட்டுருவாக்கப்பட்டது ‘ஸ்பெக்’. அகராதியில் நட்சத்திரத்தோடு இருக்கும்.

கிரேக்கத்தில் இந்த வேரின் ‘ப்’பும் ‘க்’கும் இடம் மாறிக்கொண்டு ‘ஸ்கெப்’, ‘ஸ்கொப்’ என்று ஆகிவிட்டன. ‘தசை’ ‘சதை’ ஆவதும் ‘விசிறி’ ‘சிவிறி’ ஆவதும் போல. இந்த ஒரு மாற்றம் தெரிந்ததும் பெரிய கதவு ஒன்று திறக்கிறது. டெலஸ்கோப், மைக்ராஸ்கோப், பெரிஸ்கோப், ஸ்டெதஸ்கோப், நம் தாத்தாக்கள் பார்த்த பயாஸ்கோப் எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. டெலஸ்கோப் என்பது 1611இல் கலிலியோவின் கருவிக்கு வைத்த பெயர், கிரேக்கத்தில் தொலைவைப் பார்ப்பது என்று பொருள். மைக்ராஸ்கோப் 1625இல் வந்தது. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் உருவாக்கிய ஸ்டெதஸ்கோப் ஒரு வேடிக்கை. ‘ஸ்டெதோஸ்’ என்றால் மார்பு, ஆனால் அந்தக் கருவியால் பார்ப்பதில்லை, கேட்கிறோம். அதற்குள் ‘ஸ்கோப்’ என்றாலே சோதிக்கும் கருவி என்று ஆகிவிட்டது.

எதையும் ஆராய்ந்து பார்க்காமல் ஏற்காதவர் ‘ஸ்கெப்டிக்’. பிறந்த நேரத்தைப் பார்ப்பது ‘ஹாரஸ்கோப்’, ‘ஹோரா’ என்றால் நேரம். ‘பிஷப்’பும் இந்தக் குடும்பம்தான் என்றால் நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். கிரேக்கத்தில் ‘எபிஸ்கொபொஸ்’: ‘எபி’ என்றால் மேலே, ‘ஸ்கொபொஸ்’ என்றால் பார்ப்பவர். மேற்பார்வையாளர் என்று தமிழில் எழுதினால் உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. பேச்சு லத்தீனில் முதல் ‘எ’ உதிர்ந்து, அடுத்திருந்த வல்லோசை ‘ப்’, ‘கம்பம்’ என்பதில் நாம் ஒலிக்கிற மெல்லோசை ‘ப்’ ஆகி, பழைய ஆங்கிலத்தில் ‘பிஷொப்’ என்று வந்து நின்றது.

ஜெர்மானியக் கிளையில் ‘ஸ்பெஹோன்’ என்ற வினை, நோட்டமிடுதல். அதைப் பிரெஞ்சு கடன் வாங்கி ‘எஸ்பியெர்’ ஆக்கியது, ஆங்கிலம் அதை வாங்கி ‘ஸ்பை’ ஆக்கியது. ‘எஸ்பியனாஜ்’ அதே வேர் இத்தாலி போய்ப் பிரெஞ்சு வழியே திரும்பிய சொல். ஆக, இன்ஸ்பெக்டரும் அவர் தேடுகிற ‘ஸ்பை’யும் அவர் சந்தேகப்படும் ‘சஸ்பெக்ட்’டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

சமஸ்கிருதக் கிளையில் ‘ஸ்பஶ்’ என்றால் பார்ப்பவன், ஒற்றன். ரிக்வேதத்தில் வருணனுக்கு இப்படி ஒற்றர்கள் உண்டு. அதன் எச்ச வடிவம் ‘ஸ்பஷ்ட’, தெளிவாகப் பார்க்கப்பட்டது. பழைய தலைமுறைத் தமிழில் ‘ஸ்பஷ்டமாகச் சொல்’ என்பார்களே, அந்த ஸ்பஷ்டம். லத்தீன் ‘ஸ்பெக்டுஸ்’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமைப்பு ஒன்றே.

படி 7: போலிகளை வெளியேற்றுங்கள்

எழுத்து ஒத்திருந்தால் உறவு என்று எடுத்துக்கொண்டால் குடும்பம் கூட்டமாகிவிடும். ‘ஸ்பெக்’ என்று ஒலிக்கும் புள்ளி, தூசி என்ற பொருளுள்ள சிறு சொல் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, இதற்கும் பார்வைக்கும் சம்பந்தமில்லை. மூக்குக்கண்ணாடியைச் சுருக்கிச் சொல்கிற ‘ஸ்பெக்ஸ்’ மட்டும் உண்மை உறவு, ‘ஸ்பெக்டகிள்ஸ்’ என்பதன் சுருக்கம். ‘ஆஸ்பிஷியஸ்’ஸின் பெயர்ச்சொல்லான ‘ஆஸ்பிஸ்’ போலவே எழுத்து முடிகிற ‘ஹாஸ்பிஸ்’ விருந்தினரைக் குறிக்கும் ‘ஹொஸ்பெஸ்’ என்பதிலிருந்து வந்தது, ஹாஸ்பிட்டலின் உடன்பிறப்பு. ‘டெஸ்பைஸ்’ அருகில் நிற்கும் ‘டெஸ்பேர்’ நம்பிக்கை என்ற ‘ஸ்பேராரே’யின் பிள்ளை.

போலி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். உள்ளே இருக்க வேண்டியவர் வெளியாள் போலத் தெரிவார். நூலின் தலைப்புப் பக்கத்துக்கு எதிரே வரும் படத்தை ‘ஃப்ரான்டிஸ்பீஸ்’ என்பார்கள். துண்டு என்று பொருள்படும் ‘பீஸ்’ போலவே எழுதுகிறார்கள், ஆனால் மூலம் ‘ஃப்ரொன்டிஸ்பிகியும்’: நெற்றி, பார்த்தல். கட்டடத்தின் முகப்பைக் குறித்த சொல். கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த ‘பீஸ்’ என்று நினைத்து எழுத்தை மாற்றிவிட்டார்கள்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தமிழ் ‘பார்’ இதே எண்ணங்களை இதே வழியில் கட்டுகிறது என்று மேலே நிறையக் காட்டினேன். அது மனிதர்கள் ஒரே மாதிரி யோசிப்பதால் வந்த ஒற்றுமை, ரத்த உறவு இல்லை. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெலும் எழுதினார்கள். உண்மையாகவே தமிழிலிருந்து ஆங்கிலம் போன சொற்கள் இருக்கின்றன: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். ‘கேஷ்’ விஷயத்தில்தான் சண்டை வரும். ஆங்கிலத்தில் அந்த உருவில் இரண்டு சொற்கள் உண்டு. ஆசிய நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் பழைய ‘கேஷ்’ நம் காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியே போனது. ரொக்கம் என்ற ‘கேஷ்’ பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமைப்பட வேண்டிய அவசியம் இல்லை.

படி 8: வரைந்து வைத்துவிட்டு அடுத்த வேருக்குப் போங்கள்

ஒரு முழுப் பக்கத்தை அகலவாட்டில் வைத்து, நடுவில் நட்சத்திரத்தோடு ‘ஸ்பெக்’ என்று எழுதுங்கள். அதிலிருந்து லத்தீன், கிரேக்கம், ஜெர்மானியம், சமஸ்கிருதம் என நான்கு கிளைகள். லத்தீன் கிளையை மட்டும் மறுபடி ‘ஸ்பெக்ட்’, ‘ஸ்பிக்’, பிரெஞ்சில் தேய்ந்தவை என மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே படி 5இன் வாக்கியம். பட்டியலை விட இது நேரம் எடுக்கும்தான். ஆனால் ‘பெர்ஸ்பிக்யூவஸ்’ என்று முன்பின் பார்க்காத சொல் ஒன்று வரும்போது, ‘ஊடாகப் பார்க்க முடிகிற, அப்படியானால் தெளிவான’ என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். சரியாகவும் இருக்கும்.

அடுத்ததாக எடுக்க நல்ல வேர் ‘கபுட்’, லத்தீனில் தலை. இரண்டு துப்புகள் தருகிறேன். லத்தீன் ‘க’ பிரெஞ்சில் பல இடங்களில் ‘ச்’, ‘ஷ்’ ஆகும், நடுவில் வரும் ‘ப்’ ‘ஃப்’ ஆகும். இந்த இரண்டை வைத்துக்கொண்டு கேப்டன், கேப்பிட்டல், சீஃப், ஷெஃப், சாப்டர் எல்லாம் எப்படி ஒரே தலையிலிருந்து முளைத்தன என்று பாருங்கள். ‘கேட்டில்’ என்ற மாடுகள் எப்படி உள்ளே வந்தன என்பதற்கு, சொத்து என்றால் ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்று யோசிக்க வேண்டும். கைத்தசைக்குப் ‘பைசெப்ஸ்’ என்று ஏன் பெயர் என்பதற்கு உடற்கூற்றுப் படம் ஒன்றைப் பாருங்கள், அந்தத் தசை மேலே இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான ‘ஹெட்’டும் இதே மூலம்தான். அதற்கு 1822இல் யாகோப் கிரிம் வகுத்த ஒலிமாற்ற விதி தேவைப்படும்: ‘க்’ அங்கே ‘ஹ்’ ஆகும், ‘ப்’ ‘ஃப்’ ஆகும்.

‘ஹேண்ட்கர்ச்சீஃப்’பைக் கடைசியில் எடுங்கள். அதில் ‘கர்’ என்பது மூடு, ‘சீஃப்’ என்பது தலை, முன்னால் ‘ஹேண்ட்’ என்று ஒரு கை.